எட்னா ஓ’பிரையன்: ஒரு படமும் அது தாண்டிப்போன பக்கங்களும்

ஒரு பெண் நாட்குறிப்பு எழுதுகிறாள். கணவர் அதை எடுத்துப் படிக்கிறார். படித்ததோடு நிற்காமல் பக்க ஓரங்களில் தன் கையெழுத்தில் மறுப்புகளையும் எழுதிவைக்கிறார். அறுபது ஆண்டு கழித்து ஒரு கேமரா அந்தப் பக்கங்களுக்கு மேலே போய் நிற்கிறது. நடுவில் அவள் எழுத்து, சுற்றிலும் அவர் எழுத்து. ஷினேட் ஓ’ஷே இயக்கிய ‘ப்ளூ ரோட்: தி எட்னா ஓ’பிரையன் ஸ்டோரி’ என்ற ஆவணப்படத்தில் இதைவிட வலுவான சான்று வேறு இல்லை. 2024 செப்டம்பரில் டொரான்டோ திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்ட படம் இது. அந்த நாட்குறிப்பை எழுதியவர் அயர்லாந்தின் நாவலாசிரியர் எட்னா ஓ’பிரையன். ஓரத்தில் எழுதியவர் எர்னஸ்ட் கேப்லர், அவரும் நாவலாசிரியர்தான். இந்தப் படத்தை நல்ல படம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம், பலரும் அப்படித்தான் செய்தார்கள். எனக்கு அதனோடு ஒரு வழக்கு இருக்கிறது. ஓ’பிரையனை வாழ்நாள் முழுக்க எந்தக் கண்ணோடு பார்த்தார்களோ, அந்தக் கண்ணைப் படம் கண்டிக்கிறது. கண்டித்துக்கொண்டே பெரும்பாலான நேரம் அதே கண்ணால்தான் அவரைப் பார்க்கிறது.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1930 டிசம்பரில் கிளேர் கவுண்டியின் டூம்கிரேனி கிராமத்தில் பிறந்தவர். ஒருகாலத்தில் பெரிய குடும்பம், அப்பாவின் குடியில் கரைந்துகொண்டிருந்தது. அம்மா பக்தி மிகுந்தவர், புத்தகம் என்றாலே சந்தேகப்படுபவர். லாக்ரே ஊர் கன்னியர் மடத்துப் பள்ளி, பிறகு டப்ளினில் மருந்துக்கடையில் வேலை பார்த்தபடியே மருந்தாளுநர் படிப்பு. தன்னைவிட வயதில் மிக மூத்த கேப்லரை 1954-இல் வீட்டார் எதிர்ப்பை மீறி மணந்துகொண்டார். 1950களின் கடைசியில் குடும்பம் லண்டனுக்குப் போனது. அங்கேதான் ‘தி கன்ட்ரி கேர்ல்ஸ்’ எழுதப்பட்டு 1960-இல் வெளிவந்தது. கிராமத்திலிருந்து மடத்துப் பள்ளிக்கும் அங்கிருந்து டப்ளினுக்கும் போகும் இரண்டு தோழிகளின் கதை. அயர்லாந்தின் தணிக்கை வாரியம் உடனே தடை போட்டது. அன்றைய தணிக்கைச் சட்டப்படி ஆபாசமானதாக வாரியத்துக்குத் தோன்றினாலே போதும், தடை செய்யலாம். தடைக்குப் பன்னிரண்டு ஆண்டுக் காலவரம்பு வந்ததே 1967-இல்தான். அடுத்தடுத்து வந்த நாவல்களுக்கும் அதே கதி. ஊரில் பாதிரியார் பிரதிகளை எரித்தார் என்று ஓ’பிரையன் பலமுறை சொல்லியிருக்கிறார். அதைவிட என்னை உலுக்குவது அவர் சொல்லும் இன்னொரு செய்தி. அம்மா இறந்தபின் தலையணை உறைக்குள் அந்த முதல் நாவலின் பிரதி கிடைத்தது. ஆகாத சொற்களையெல்லாம் அம்மா மையால் அடித்திருந்தார். ஒரு பக்கம் கணவரின் மை, இன்னொரு பக்கம் அம்மாவின் மை, இரண்டுக்கும் மேலே அரசாங்கம்.

கேப்லர் விஷயத்துக்கு வருவோம். அவர் ஒன்றும் எழுதத் தெரியாதவர் அல்ல. மேஃப்ளவர் கப்பல் பயணத்தை வைத்து 1950-இல் அவர் எழுதிய ‘தி பிளிமத் அட்வெஞ்சர்’ நன்றாக விற்றது, ஸ்பென்சர் டிரேசி நடித்து ஹாலிவுட் படமாகவும் வந்தது. மனைவியின் கையெழுத்துப் பிரதியைப் படித்துவிட்டு, உனக்கு எழுத வருகிறது, அதற்காக உன்னை மன்னிக்கவே முடியாது என்ற பொருளில் அவர் சொன்னதாக ஓ’பிரையன் தன் வாழ்க்கை நினைவுகளில் எழுதினார். அதோடும் நிற்கவில்லை. முதல் நாவல்கள் உண்மையில் தன் கைவண்ணம் என்ற பேச்சையும் கேப்லர் பரப்பினார். மகன் கார்லோ கேப்லர், அவரும் எழுத்தாளர், அப்பாவைப் பற்றிய தன் நூலில் இந்தக் கசப்பையெல்லாம் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். கேப்லரின் வாதத்தை உடைக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பிரிவுக்குப் பிறகு ஓ’பிரையன் ஐம்பதாண்டுக்கும் மேல் எழுதினார், கடைசி நாவல் 2019-இல் வந்தது. கேப்லரிடமிருந்து அதற்கு ஈடாக எதுவும் வரவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சு டப்ளின் இலக்கிய வட்டத்தில் எத்தனை காலம் உயிரோடு இருந்தது என்று பாருங்கள். அழகான ஒரு பெண் நன்றாக எழுதினால், எழுதித் தந்தது யார் என்று தேடும் பழக்கம் அயர்லாந்துக்கு மட்டும் சொந்தமல்லதான்.

நாட்குறிப்புக் காட்சிகளில் ஓ’ஷே செய்திருப்பது அசல் ஆவணப்பட வேலை. யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஜெஸ்ஸி பக்லியின் குரல் அவள் வரிகளை வாசிக்கிறது, திரையில் காகிதம், காகிதத்திலேயே சண்டை. அவள் வாழ்க்கையை அவள் சொல்லலாமா, வேறொருவர் திருத்தித் தர வேண்டுமா என்ற கேள்வி அங்கே கண்ணெதிரே கிடக்கிறது. எழுத்தாளரைப் பற்றிய படம் எழுத்தைக் காட்ட முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தக் காட்சியே பதில். அதனால்தான் படம் அதற்குப் பிறகு போகும் திசை எனக்கு ஏமாற்றமாக இருக்கிறது. கதை லண்டனின் செல்சி பகுதிக்கு, கார்லைல் ஸ்கொயர் வீட்டுக்குப் போகிறது. அங்கே விருந்துகள், நடிகர்கள், ராபர்ட் மிட்சம், மார்லன் பிராண்டோ, மனநல மருத்துவர் ஆர்.டி. லெயிங் கொடுத்த எல்.எஸ்.டி., திருமணமான அரசியல்வாதி ஒருவரோடு நெடுங்காலக் காதல், பிறகு பணமில்லாமல் வீட்டை விற்றது. எல்லாம் நடந்தவைதான், எல்லாம் சுவையானவைதான். ஆனால் இதே காலத்தில் அவருடைய எழுத்து மேசையில் என்ன நடந்துகொண்டிருந்தது? 1970-இல் ‘எ பேகன் பிளேஸ்’ வந்தது. முழு நாவலையும் ‘நீ’ என்று முன்னிலையிலேயே நடத்திக்கொண்டு போகிறார். ஒரு சிறுமி தன்னைத்தானே விளித்துப் பேசுவதுபோல. ஒரு சிறுகதைக்கு அந்த உத்தியைத் தாங்கிப் பிடிப்பதே கடினம். 1972-இல் ‘நைட்’: மேரி ஹூலிகன் என்பவளின் ஒரே ஓர் இரவுத் தனிமொழி. ஜேம்ஸ் ஜாய்ஸிடம் கற்றதை எடுத்துக்கொண்டு அவரைவிட்டு விலகி நடந்த நாவல். விருந்துக்கு யார் வந்தார்கள் என்பதைப் படம் நமக்கு நினைவில் நிற்கும்படி சொல்கிறது. விருந்தாளிகள் போனபின் எழுதப்பட்டது எப்படிப்பட்ட உரைநடை என்பது அப்படி நினைவில் நிற்பதில்லை.

இதை இன்னொரு படத்தோடு பக்கத்தில் வைத்தால்தான் நான் சொல்வது விளங்கும். 2005-இல் பேட் காலின்ஸ் எடுத்த ‘ஜான் மெக்கஹெர்ன்: எ பிரைவேட் வேர்ல்ட்’. மெக்கஹெர்ன் ஓ’பிரையனுக்கு நான்கு வயது இளையவர், லீட்ரிம் பகுதிக்காரர். அவருடைய ‘தி டார்க்’ நாவலையும் 1965-இல் இதே தணிக்கை வாரியம் தடை செய்தது. டப்ளின் கிளான்டார்ஃப் பள்ளியில் ஆசிரியர் வேலை போனது. அதே ஆண்டு ஃபின்லாந்துக்காரப் பெண் ஒருவரைத் தேவாலயத்துக்கு வெளியே பதிவுத் திருமணம் செய்துகொண்டதும் சேர்ந்துகொண்டது. அவரும் லண்டனுக்குப் போனார். அதாவது ஓ’பிரையன் கதையின் முக்கால்வாசிச் சரக்கு இங்கேயும் உண்டு: கத்தோலிக்கக் கிராமம், கொடுமைக்கார அப்பா, தடை, ஊர் வசை, நாடுவிட்டுப் போதல். காலின்ஸின் படம் அதை வைத்து என்ன செய்கிறது? மெக்கஹெர்னை ஊருக்குத் திரும்பிய மனிதராக, ஏரிக்கரையும் வேலிப்பாதையும் சூழ உட்கார வைக்கிறது. அவர் பேசுகிறார், தன் உரைநடையைத் தானே வாசிக்கிறார், கேமரா நிலத்தைப் பார்த்தபடி அந்த வாக்கியங்கள் முடியும்வரை பொறுத்திருக்கிறது. அந்த உரைநடையோடு காலின்ஸுக்கு எவ்வளவு ஒட்டுதல் என்றால், 2023-இல் மெக்கஹெர்னின் கடைசி நாவலையே திரைப்படமாக எடுத்தார். ஒரே வாரியம் தடை செய்த இரண்டு பேர். ஒருவருக்கு வாக்கியங்களின் படம், இன்னொருவருக்குக் காதல்களின் படம். இது தற்செயல் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. மெக்கஹெர்ன் ஒதுங்கி வாழ்ந்தவர், ஓ’பிரையன் வெளிச்சத்தில் வாழ்ந்தவர். இருவருக்கும் ஒரே மாதிரி படம் எடுக்க முடியுமா? ஓ’பிரையன் தொலைக்காட்சிக்கு அழைத்தபோதெல்லாம் போனார், அழகாகப் பேசினார், தன்னைச் சுற்றி ஒரு புராணத்தைத் தானே வளர்த்தார். ஆவணப்படம் எடுப்பவருக்குக் கையில் இருக்கும் காட்சிகளைத்தானே பயன்படுத்த முடியும்? இதில் உண்மை இருக்கிறது. முதல் நாவலை மூன்று வாரத்தில் எழுதி முடித்தேன் என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். ஐம்பது பவுண்டு முன்பணம் வாங்கிக்கொண்டு, அழுதபடி, அருவி மாதிரி கொட்டிவிட்டது என்ற கதை. உழைப்பை மறைக்கும் இந்தக் கதையை அவருடைய எதிரிகள் கட்டவில்லை. ஆனால் கையிருப்புக் காட்சிகள் வானத்திலிருந்து விழுந்தவை அல்ல. அந்தப் பேட்டிகளை எடுத்தவர்கள் அவரிடம் ஆண்களைப் பற்றியும் பாவத்தைப் பற்றியும் கேட்டார்கள், பத்தி அமைப்பைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் எந்தப் பெட்டகத்தில் இருக்கும்? அந்தப் பேட்டியாளர்களின் மிதப்பான தோரணையைப் படம் சரியாகவே அம்பலப்படுத்துகிறது. அம்பலப்படுத்தியதும் அடுத்த வேலை, அவர்கள் கேட்காததைத் தான் கேட்பது. அதற்கு வழி இல்லாமலும் இல்லை. அவருடைய ஆவணங்களின் ஒரு பெரும் தொகுதி அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, இன்னொரு தொகுதியை அயர்லாந்து தேசிய நூலகம் 2021-இல் வாங்கியது. நாட்குறிப்பின் ஓரத்தை அவ்வளவு நுட்பமாகக் காட்டத் தெரிந்த கேமராவுக்கு, நாவல் கையெழுத்துப் பிரதிகளை அதே பொறுமையோடு காட்டுவது எட்டாத காரியமா? கணவர் எழுதிய ஓரக்குறிப்புக்கு நிற்கும் கேமரா, ஓ’பிரையனே தன் வரியை அடித்துத் திருத்திய இடங்களுக்கும் அவ்வளவு நேரம் நின்றிருந்தால், கேப்லரின் பொய்க்கு அதுவே கடைசி ஆணியாக இருந்திருக்கும்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. ஓ’பிரையன் எழுதியதே தன் வாழ்க்கையைத்தானே, வாழ்க்கையைக் காட்டினால் எழுத்தைக் காட்டியதாகாதா என்பது. காதலன் வீட்டிலிருந்து மகளை மீட்டுப்போகக் குடும்பத்தார் வந்தது நிஜத்திலும் நடந்தது, ‘தி லோன்லி கேர்ல்’ நாவலிலும் வேறு உருவில் வருகிறது. அப்படியானால் மெக்கஹெர்ன்? ஒன்பது வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், காவல்துறை சார்ஜென்ட்டான அப்பாவோடு காவல் குடியிருப்பில் வளர்ந்தவர். முதல் நாவல் ‘தி பாரக்ஸ்’ புற்றுநோயில் சாகும் சார்ஜென்ட் மனைவியின் கதை; ‘அமங்ஸ்ட் விமன்’ வீட்டையே நடுங்க வைக்கும் ஓர் அப்பாவின் கதை. இவ்வளவு நேரடியாக வாழ்க்கையிலிருந்து எடுத்த ஆணை யாரும் ‘தன் கதையைக் கொட்டியவர்’ என்று சொல்வதில்லை, கலைஞர் என்கிறார்கள். பெண் செய்தால் அது வாக்குமூலம். சரி, ஓ’பிரையன் நாவல்களைத் திறந்தே பார்ப்போம். ‘தி கன்ட்ரி கேர்ல்ஸ்’ கேத்லீன் என்ற மென்மையானவளின் குரலில் நடக்கிறது. அந்த வரிசையின் மூன்றாவது நாவலுக்கு வரும்போது ஆசிரியர் ‘நான்’ என்ற இடத்தை அவளிடமிருந்து பிடுங்கி, அடாவடிக்காரத் தோழி பாபாவிடம் கொடுத்துவிடுகிறார். வாசகர் இரண்டு நாவலாக நேசித்த பெண் இப்போது இன்னொருத்தியின் நக்கல் பார்வையில் தெரிகிறாள். 1986-இல் மூன்றையும் ஒரே தொகுதியாக வெளியிட்டபோது ஒரு பின்னுரை சேர்த்தார். அதையும் பேசுபவள் பாபாதான். பேசுவது கேத்லீனின் சாவைப் பற்றி. இருபத்தாறு ஆண்டுக்கு முன் தனக்குப் புகழ் வாங்கித் தந்த நாயகியைத் தண்ணீரில் மூழ்கடித்து, அந்தச் செய்தியை அழத் தெரியாதவள் வாயால் சொல்ல வைக்கிறார். அருவிபோல் கொட்டுகிறவர் செய்யும் காரியமா இது? தன்னையே இரண்டாகப் பிளந்து, ஒன்றை இன்னொன்றின் கையில் ஒப்படைக்கத் தெரிந்த, கணக்குத் தவறாத கைவேலை.

பிற்கால நாவல்களை எடுத்துக்கொண்டால் வாழ்க்கைதான் எழுத்து என்ற பேச்சுக்கு இடமே இல்லை. 1977-க்குப் பிறகு பதினோரு ஆண்டு நாவல் வரவில்லை, சிறுகதைகள் வந்தன. அறுபது வயதைத் தாண்டியபோது வேறொரு எழுத்தாளர் மாதிரி திரும்பி வந்தார். 1994-இல் ‘ஹவுஸ் ஆஃப் ஸ்ப்ளெண்டிட் ஐசோலேஷன்’: ஐ.ஆர்.ஏ. ஆயுதக்காரன் ஒருவன் ஒரு மூதாட்டியின் வீட்டில் ஒளிந்துகொள்ளும் கதை. 1996-இல் ‘டவுன் பை தி ரிவர்’: வன்முறைக்கு ஆளாகிக் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமி கருக்கலைப்புக்காக இங்கிலாந்து போவதை அரசு நீதிமன்றம் மூலம் தடுக்கப் பார்த்த 1992-ஆம் ஆண்டு வழக்கிலிருந்து பிறந்தது. 2015-இல் ‘தி லிட்டில் ரெட் சேர்ஸ்’: பால்கன் போர்க்குற்றவாளி ஒருவன் வைத்தியன் வேடத்தில் அயர்லாந்துக் கிராமத்துக்கு வருகிறான், பின்னணியில் தெரியும் நிழல் ராடோவான் கராட்ஜிச். 2019-இல் ‘கேர்ல்’: போகோ ஹராம் கடத்திய மாணவியின் குரல், அதற்காக எண்பத்தைந்தைத் தாண்டிய வயதில் நைஜீரியாவுக்கே போய்ப் பெண்களைச் சந்தித்தார். இவற்றில் எதுவும் கார்லைல் ஸ்கொயர் விருந்திலிருந்து வரவில்லை. 2002-இல் வந்த ‘இன் தி ஃபாரஸ்ட்’ ஒன்றே ஒரு தனிப்படத்துக்குப் போதும். 1994-இல் தன் சொந்தக் கிளேர் பகுதியில் நடந்த மூன்று கொலைகளை நாவலாக்கினார். துக்கத்தில் இருப்பவர்களின் வாழ்க்கையில் நாவலாசிரியர் புகுந்துவிட்டார் என்று விமர்சகர் ஃபின்டன் ஓ’டூல் ‘ஐரிஷ் டைம்ஸ்’ இதழில் கடுமையாக எதிர்த்தார். இந்த முறை மதகுருவும் தணிக்கை வாரியமும் எதிரே இல்லை. எதிரே நின்றவர் அவரை மதிக்கும் முற்போக்காளர், அவர் கேட்ட கேள்வியும் உண்மையான கேள்வி. என் பார்வையில் ஓ’டூல் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு ஆவணப்படத்துக்கு இதைவிட நல்ல களம் கிடைக்காது. ‘ப்ளூ ரோட்’ இந்தக் காலகட்டத்தைத் தொடாமல் விடவில்லை. ஆனால் அதன் மனம் லயிப்பது இங்கே அல்ல, 1960களில்.

இதையெல்லாம் சொன்னதால் படத்தைக் குப்பை என்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தொண்ணூற்று மூன்று வயதில், உடல் தளர்ந்து, பேச்சு மட்டும் தளராத ஓ’பிரையனைப் பதிவு செய்ததற்காகவே ஓ’ஷேவுக்குக் கடன்பட்டிருக்கிறோம். படம் திரைக்கு வருவதற்கு முன், 2024 ஜூலை 27 அன்று, அவர் இறந்துவிட்டார். அமெரிக்க நாவலாசிரியர் வால்டர் மோஸ்லி வரும் பகுதியும் எனக்குப் பிடித்தது. நியூயார்க் சிட்டி காலேஜில் ஓ’பிரையனின் மாணவராக இருந்தவர். கறுப்பினத் தந்தை, யூதத் தாய், ஏழ்மை, இதில் நாவலுக்கான செல்வம் இருக்கிறது, எழுது என்று தூண்டியது ஓ’பிரையன். விருந்துக்கு வந்த பிரபலங்கள் அவர் எப்படி இருந்தார் என்று சொல்கிறார்கள். மோஸ்லியால் அவர் ஒரு பக்கத்தை எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல முடிகிறது. கத்தோலிக்கத் திருச்சபை அயர்லாந்துச் சிற்றூரில் செலுத்திய அதிகாரத்தைத் தன் முந்தைய படத்திலேயே எடுத்த இயக்குநர் என்பதால், 1960-இல் ஒரு புத்தகத்துக்காக ஊர் ஏன் அப்படிக் கொதித்தது என்பதையும் ஓ’ஷேவால் வெளியூர்க்காரருக்கும் புரியும்படி காட்ட முடிகிறது. அந்தக் கோபத்தைப் புரிந்துகொள்ள அந்தப் பின்னணி அவசியம். திருமணமான பெண் அரசு வேலையில் நீடிக்க 1973 வரை தடை, விவாகரத்துக்கு 1995 வாக்கெடுப்பு வரை வழியில்லை. ஓ’பிரையன் கேப்லரைவிட்டு விலகிப் பிள்ளைகளைச் சட்டப்படி மீட்டது லண்டனில் இருந்ததால்தான் முடிந்தது.

ஆனால் வரலாற்றுப் பின்னணியும் காதல்களும் சேர்ந்தாலும் ஒரு நாவலாசிரியர் கிடைத்துவிட மாட்டார். ‘மறக்கப்பட்டவரை மீட்கிறோம்’ என்ற குரலில் இந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓ’பிரையன் யாராலும் மறக்கப்படவில்லை. 2015-இல் நாட்டின் கலைஞர் அமைப்பான ஈஸ்டானா (Aosdána) தன் மிக உயர்ந்த ‘ஸீ’ (Saoi) பட்டத்தைக் கொடுத்தது. 2018-இல் பென்/நபகோவ் விருது, 2019-இல் டேவிட் கோஹன் பரிசு. அதே 2019-இல் எந்த நாடு தடை செய்ததோ அதன் தலைநகரமே ‘கன்ட்ரி கேர்ல்ஸ்’ முத்தொகுதியை ஊர் முழுக்கச் சேர்ந்து படிக்கத் தேர்ந்தெடுத்தது. லாஃப் டெர்க் ஏரியின் புனிதத் தீவில் அவரைப் புதைத்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. அவருக்குக் குறைந்தது புகழ் அல்ல. வாக்கியம் வாக்கியமாக உட்கார்ந்து படிக்கும் வாசிப்பு. மெக்கஹெர்னுக்குக் கேட்காமலே கிடைத்தது அது.

ஆகவே என் யோசனை: படத்தை அவசியம் பாருங்கள், நாட்குறிப்புக் காட்சிகளுக்காகவும் மோஸ்லிக்காகவும். ஆனால் அதற்கு முன், பின்னுரை சேர்ந்த 1986 தொகுதியை வாங்கிப் படித்துவிடுங்கள். முடிந்தால் ‘எ பேகன் பிளேஸ்’ நாவலையும். அந்த வரிசையில் போனால் படத்தில் எது பாதி, எது விடுபட்டது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.